தறி எங்கே என்று கேட்பவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இலக்கியக் கூட்டம். தேநீர் இடைவேளையில் ஒரு விமர்சகர் என் ஊரைக் கேட்டார். "கூரம் சார், காஞ்சிபுரம் பக்கம்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அடடா! தறி, பட்டு, பாவு, சாயப்பட்டறைன்னு எவ்வளவு கிடக்கு உங்க ஊர்ப்பக்கம். இன்னும் ஏன் தம்பி எழுதல?" என்றார். நான் என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஊர் பெயரைக் கேட்டதுமே நான் எழுத வேண்டிய நாவலை அவரே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டார்.

பேச்சு அப்படியே இந்திரா பார்த்தசாரதி பக்கம் போனது. "அவரு டெல்லி எழுத்தாளர்ப்பா. புத்திசாலித்தனம் இருக்கும், மண்ணு இருக்காது" என்றார். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. என் ஊர்க்காரர் ஒருவர் வருகிற வாழ்க்கையை நாடகமாக எழுதியவர் இ.பா. அந்த நாடகத்தைப் படித்திருந்தும் தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

*

தமிழில் 'மண்' என்ற சொல்லுக்கு இன்று ஒரு இலக்கணம் உருவாகியிருக்கிறது. ஒரு நாவலில் வட்டார வழக்கு இருக்க வேண்டும். நாலைந்து பக்கத்துக்கு ஒருமுறை ஊர்ப் பலகாரம் வர வேண்டும். குலசாமி, கோயில் கொடை, ஒரு கிழவி, ஒரு பழமொழி. முக்கியமாக, 'அந்தக் காலம் போச்சே' என்ற பெருமூச்சு. இதெல்லாம் இருந்தால் மண்ணின் எழுத்தாளர். இல்லையென்றால் நகரத்து ஆள், வேர் இல்லாதவர்.

இதை ஆரம்பித்து வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை எழுத்தில் ஏற்றியதும், அந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்ததும் சின்ன வேலை இல்லை. பண்டிதத் தமிழ் மட்டுமே தமிழ் என்றிருந்த காலத்தில் அது ஒரு கலகம். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கலகத்தை இன்றைக்கு அனுமதிச் சீட்டாக மாற்றி வாசலில் நின்று கிழித்துக்கொண்டிருப்பது கலகம் அல்ல, வேறு சாமான். சுற்றுலாத் துறை விளம்பரத்தில் காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோபுரம், இட்லி. இலக்கியத்திலும் அதையே எதிர்பார்த்தால் விமர்சகருக்கும் கைடுக்கும் என்ன வித்தியாசம்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஊர் ஒரு எழுத்தாளனுக்குக் கொடுப்பது சொல்வழக்கையும் சாப்பாட்டையும் மட்டும் அல்ல. ஊர் அவனுக்கு ஒரு வழக்கைக் கொடுக்கிறது. 'வட்டார வழக்கு' என்கிற வழக்கு இல்லை, கோர்ட்டில் நடக்குமே, அந்த வழக்கு. தீராத ஒரு சண்டை. அந்தச் சண்டையை ஒருவன் டெல்லியில் உட்கார்ந்து நடத்தினாலும், வார்சாவில் உட்கார்ந்து நடத்தினாலும் அவன் அந்த ஊர்க்காரன்தான்.

*

இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் தி. ஜானகிராமன். நீண்ட காலம் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். எண்பதுகளின் முற்பாதியில் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளி. இந்த விலாசங்களைப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர்கள் 'வேர் இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' மாதிரியான டெல்லி நாவல்களை எழுதியவர் என்பதும் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

விலாசத்தை விட்டுவிட்டு புத்தகங்களைப் பாருங்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். இந்த நெருப்பை மையமாக வைத்து இ.பா. எழுதிய நாவல் 'குருதிப்புனல்'. 1977இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஸ்ரீதர் ராஜன் அதை 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படமாக எடுத்தார்.

அந்த நாவலில் கோபால் டெல்லியை விட்டுத் தஞ்சாவூர் கிராமத்துக்கு வந்து தங்குபவன். அவனைத் தேடி வரும் சிவாவும் டெல்லிக்காரன். 'பாத்தியா, வெளியாள் கண்ணு' என்று விமர்சகர் குதிக்கலாம். ஆனால் எனக்கு அங்கேதான் இ.பா.வின் நேர்மை தெரிகிறது. ஊரை விட்டுப் போனவன், போகாதவன் மாதிரி நடிக்கவில்லை. சேற்றில் நின்று நாற்று நட்டவனின் குரலை இரவல் வாங்கவில்லை. 'நான் திரும்பி வந்தவன், எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது, தெரிந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை' என்பதைக் கதையின் அமைப்பிலேயே வைத்துவிட்டார். மண்வாசனை நாவல்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? சென்னையில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு களத்துமேட்டில் உட்கார்ந்திருப்பதாகப் பாவனை செய்பவர்கள்தான் அதிகம்.

நெருப்பு அந்த நாவலோடு அணையவில்லை. சில வருஷங்களிலேயே 'நந்தன் கதை' நாடகத்தை எழுதினார். நந்தனாரும் அதே பக்கத்து ஆள்தான், கொள்ளிடக் கரை ஆதனூர். சேக்கிழார் சொன்ன கதையில் நந்தனார் தில்லையில் தீக்குள் இறங்கி, பூணூலோடு முனிவராக எழுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதைக்குள், சேக்கிழாரில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்தார். அவரும் காவிரிக் கரைக்காரர், மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். ஆக, ஒரு கவிஞர் கதைக்குள் நிலத்தைக் கொண்டுவருகிறார். அடுத்து வந்த இ.பா. இன்னொரு அடி போனார். அவர் நாடகத்தில் அக்ரகாரமும் பிராமணரல்லாத நிலவுடைமையாளர்களும் கைகோத்துக்கொள்கிறார்கள். தீ அற்புதம் இல்லை, கொலை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் இ.பா.வின் ஊர் எது என்று பேசுவதில் பயனில்லை. நாவலில் டெல்லியிலிருந்து வந்த ஆள் இருக்கிறான். நாடகத்தில் வெளியாள் என்று யாருமே இல்லை. எல்லோரும் ஊர்க்காரர்கள். திட்டம் போடுகிறவனும் ஊர்க்காரன், எரிகிறவனும் ஊர்க்காரன். 1968இல் குடிசையில் வைத்த தீயும் புராணத்தில் தில்லையில் மூட்டிய தீயும் ஒரே தீயா என்று கேட்க அந்த மண்ணில் வளர்ந்த ஒருவனால்தான் முடியும். அதற்கு வட்டார வழக்கு தேவைப்படவில்லை, நினைவு தேவைப்பட்டது.

*

இப்போது என் ஊருக்கு வருகிறேன்.

கூரம் என்றால் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான். ராமானுஜரின் முதல் சீடர்களில் ஒருவர். பெரும் செல்வந்தர். ராத்திரி அவர் மாளிகைக் கதவைச் சாத்தும் சத்தம் காஞ்சி வரதராஜர் கோயில் வரைக்கும் கேட்டது என்று குருபரம்பரைக் கதை. அந்தச் சத்தத்துக்கே வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார். காட்டு வழியில் மனைவி பயந்தபோது, 'மடியில் ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டாராம். கணவர் தண்ணீர் குடிக்க ஒரு பொன் வட்டிலை அந்தம்மா எடுத்து வந்திருந்தார். அதையும் வாங்கித் தூக்கி எறிந்தார்.

பிறகு, சோழ அரசன் 'சிவத்துக்கு மேல் ஒன்றில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, ராமானுஜரின் காவி உடையில் இவர் போனார். சிவம் என்பது ஒரு அளவையின் பெயரும்கூட. 'அதைவிடப் பெரிய அளவை துரோணம் இருக்கிறதே' என்று எழுதி நீட்டினார். கண்கள் போயின. கண்ணில்லாமல் பின்னாளில் காஞ்சி வரதன் முன்னால் நின்று வரம் கேட்டபோதும் தனக்குப் பார்வை கேட்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கு மோட்சம் கேட்டார்.

இது ஊரில் பாட்டிகள் சொல்லும் கதை. ஒவ்வொரு திருப்பமும் நாடகத்துக்கே பிறந்த மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். அரசவையில் ஒரு சிலேடை, அதற்கு விலையாக இரண்டு கண்கள். இதுக்கு மேல ஒரு காட்சி வேணுமா?

இந்த உலகத்தைத்தான் இ.பா. 'இராமானுஜர்' நாடகத்துக்கு எடுத்துக்கொண்டார். 1999ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் அதற்குக் கிடைத்தது. ராமானுஜர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூர், படித்ததும் முதல் சண்டை போட்டதும் காஞ்சி வட்டாரம். திருக்கச்சி நம்பி பிராமணர் அல்ல. அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் போனபின் வீட்டைக் கழுவிவிட்ட மனைவியோடு ராமானுஜருக்கு வந்த பிணக்கு குருபரம்பரையிலேயே இருக்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் குருவாகலாம், மந்திரத்தை யாருக்குச் சொல்லலாம் என்பதுதான் ராமானுஜரின் சண்டை. வைணவ அக்ரகாரத்தில் வளர்ந்து, வைணவத்தையே ஆராய்ச்சி செய்த ஒருவர் அந்தச் சண்டையைத் தன் வீட்டுச் சண்டையாக எடுத்து எழுதினார். இதுக்குப் பேரு மண் இல்லையா?

இன்னொன்றையும் யோசியுங்கள். கூரத்தாழ்வான் ஊரை விட்டுப் போனவர், திரும்பக் குடி வரவில்லை. அவர் எழுதிய ஐந்து ஸ்தவங்களும் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. வட்டார வழக்கு ஒரு சொல் கிடையாது. நம் விமர்சகரிடம் கொடுத்தால் 'வேர் இல்லாத எழுத்து' என்பார். ஆனால் ஊர் பெயர் அவரை விட்டதா? ஆயிரம் வருஷமாக அவர் பெயரில் முதலில் வருவதே கூரம்தான்.

*

நாவலாசிரியராக இ.பா.வை ஓரளவாவது படிக்கிறோம். நாடகங்களை யார் படிக்கிறோம்? இணையத்தில் இயங்கும் இளைய வாசகர்களைக் கேட்கிறேன், என்னையும் சேர்த்துத்தான். கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை தமிழ் நாடகப் பிரதிகளை வாசித்தோம்? இந்த வருட சிறந்த புத்தகங்கள் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறோமே, அதில் ஒரு நாடகம் உண்டா? சாகித்ய அகாதமி, சங்கீத நாடக அகாதமி இரண்டின் விருதையும் பெற்ற ஒருவரில் பாதியை விட்டுவிட்டு, மிச்சப் பாதியில் 'மண் இல்லை' என்று தீர்ப்பு எழுதுகிறோம். ஊர் முழுக்க அந்த விட்டுப்போன பாதியில் கிடக்கிறது.

'நாடகம் நம்ம மரபுல இல்லையே' என்று ஒரு சமாதானம் உண்டு. அதைக் கூரத்துக்காரன் காதில் சொல்லாதீர்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு இருக்கிறது. பாதி சமஸ்கிருதம், பாதி தமிழ். பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்ற கால்வாய், பரமேசுவர தடாகம் என்ற ஏரி, வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற சிவன் கோயில் எல்லாம் அதில் வருகின்றன. நிலம் மறையவர்களுக்குப் போனதும் அதில்தான் இருக்கிறது. கூடவே இன்னொன்று: மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு. ஏறக்குறைய 1,350 வருஷத்துக்கு முன்னால், ஊர் கூடிக் கதை கேட்பதற்கு நிலத்தில் பங்கு ஒதுக்கிய ஊர் இது. கூரத்தில் கிடைத்த பல்லவர் கால நடராஜர் செப்புத் திருமேனி இன்று சென்னை அருங்காட்சியகத்தில் காலைத் தூக்கி நிற்கிறது.

அந்தப் பங்கு என்ன ஆனது என்று தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து பாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதம் வாசிப்பு, ராத்திரி விடிய விடியக் கூத்து. அருச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் படுகளம். எங்கள் ஊர்ப்பக்கத்து மண்ணைக் குழைத்துப் பெரிசாகத் துரியோதனனைச் செய்து படுக்க வைப்பார்கள். மாலையில் தீமிதி. குருக்ஷேத்திரம் எங்கே இருக்கு, எங்க ஊர் எங்கே இருக்கு? ஆனால் 'இது வட இந்தியக் கதை, இதுல நம்ம மண்ணு இல்லை' என்று தீ மிதிக்கப்போகும் ஒரு அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். துரியோதனன் எங்கள் மண்ணில் ஆனவன் என்பது வெறும் பேச்சு இல்லை, அவளுக்கு அது கண்ணெதிரே இருக்கும் உண்மை.

ஊருக்குப் பொருள் முக்கியம் இல்லை, வழக்கு முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தெரியவில்லை.

காஞ்சிபுரத்துக்காரர் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். இலக்கியப் பத்திரிகைகளில் இந்தப் பெயர் வந்தாலே சிலருக்கு முகம் சுருங்கும். அண்ணாதுரை. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், மேடையிலும் ஏறினார். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக அவரே நடித்தார். 'வேலைக்காரி', 'ஓர் இரவு', 'நீதிதேவன் மயக்கம்' எதிலும் எங்கள் விமர்சகர் தேடும் தறிச் சத்தம் முன்னால் வராது. அவை பிரச்சாரம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பட்டம் சூட்டும் உரிமை யாருக்கு, தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி ஒரு கோயில் நகரத்தில் வளர்ந்தவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவாவது வேண்டாமா? அக்ரகாரத்தில் வளர்ந்த இ.பா.வும் நெசவாளர் வீட்டில் பிறந்த அண்ணாவும் எதிர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தவர்கள். நடுவில் ஓடும் தெரு ஒன்றுதான்.

*

என் தரப்பில் உள்ள ஓட்டைகளையும் மறைக்கப் போவதில்லை.

'குருதிப்புனல்' வந்த காலத்திலிருந்தே இடதுசாரிகள் ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கி, வர்க்கப் பிரச்சினையை உளவியல் பிரச்சினையாகச் சுருக்கிவிட்டார் என்று. அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கூலிக்காக நடந்த கொலைக்கு ஃபிராய்டைக் கூப்பிட்டது பலவீனம்தான். அவருடைய ராமானுஜர் சில இடங்களில் இருபதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மாதிரிப் பேசுகிறார் என்றாலும் ஒத்துக்கொள்கிறேன். 'மழை', 'போர்வை போர்த்திய உடல்கள்' நாடகங்களை எந்த ஊரில் வேண்டுமானாலும் நடத்தலாம்.

'வெண்மணியை ஒரு அய்யங்கார் எழுதலாமா?' என்ற கேள்வியும் உண்டு. வெண்மணியை அந்த மக்களே எழுத வேண்டும், எழுதட்டும், அந்த எழுத்துக்கு இ.பா. மாற்று இல்லை. ஆனால் அவர் தன் பங்குக்குச் செய்தது, தன் தெருவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதை வேறு யாரும் அவருக்காகச் செய்ய முடியாது. இந்தக் குறைகள் எல்லாம் பேசப்பட வேண்டியவை. ஆனால் பேச வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டும். 'மண் இல்லை' என்ற ஒரு வரி அந்த வேலையை மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்த வரி மேல் எனக்குக் கோபம்.

இப்சன் 1864இல் நார்வேயை விட்டுக் கிளம்பி 27 வருஷம் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருந்தார். தன் ஊர்களின் மூச்சுமுட்டலை உலகம் அறிந்த நாடகங்களாக எழுதியது அங்கே இருந்துதான். 'நார்வே மீன்குழம்பைக் காணோமே' என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

இதெல்லாம் ஒரு பழைய எழுத்தாளருக்காக நான் நடத்தும் வக்காலத்து மட்டும் இல்லை. எழுதத் தொடங்கும் பிள்ளைகள் இன்று இந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரத்துப் பெண் எழுதினால் தறி, தூத்துக்குடிப் பையன் எழுதினால் கடல், கோயம்புத்தூர் என்றால் மில். நெசவாளர் வீட்டில் பிறந்த ஒருத்தி நெசவைப் பற்றி எழுத விரும்பினால் எழுதட்டும், முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன். ஆனால் அவள் அவுரங்கசீப்பைப் பற்றி நாடகம் எழுத விரும்பினால்? இ.பா. எழுதினார். அவளிடம் 'உன் தறி எங்கே?' என்று கேட்பது, தறியை விட்டு எழுந்திரிக்காதே என்று சொல்வதற்குச் சமம். அவள் அப்பா காலத்தில் முதலாளி அதை வேறு வார்த்தையில் சொன்னார், அவ்வளவுதான்.

தறி பற்றியே கேட்கிறீர்கள் என்பதால் தறியிலிருந்தே ஒன்று சொல்லி முடிக்கிறேன். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரையைத் தனியாக நெய்து பிறகு வைத்துத் தைப்பதில்லை. நெய்யும்போதே ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை இழையையும் உடல் இழையையும் கோத்து வருவார்கள். அதற்குத் தனி நாடா, சில சமயம் தனி ஆள். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். நம் விமர்சகர்கள் தேடுவது தைத்து ஒட்டிய கரை, பார்த்த உடனே தெரியும், கண்ணைப் பறிக்கும். இ.பா.வின் நாவலிலும் நாடகத்திலும் ஊர் கோர்வையாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அந்த விமர்சகரைப் பார்த்தால் 'நந்தன் கதை'யையும் 'இராமானுஜ'ரையும் கையில் கொடுக்கப்போகிறேன். "ஊரைப் பத்தி நான் எழுதறது இருக்கட்டும் சார், ஏற்கெனவே எழுதினதை மொதல்ல படிங்க" என்று சொல்லத் தைரியம் வர வேண்டும். அரசவைக்குப் போய் 'துரோணம்' என்று எழுதியவர் பிறந்த ஊர்க்காரன் நான், இந்த அளவுக்காவது வாய் இருக்க வேண்டாமா?